சுபம் போடாத படங்கள்

அமெரிக்கப் படங்களில் யாரும் காபியைக் குடித்து முடிப்பதில்லை. அவர்கள்மேல் எனக்கு ஏற்பட்ட முதல் மனஸ்தாபம் இதுதான். ஒருத்தி கோப்பையில் ஊற்றிக் கொடுப்பாள். அவன் ஒரு வாய் வைப்பான். உடனே டெலிபோன் அடிக்கும், இல்லாவிட்டால் ஏதோ பழைய சங்கதி ஞாபகம் வந்து கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். காபி மேஜைமேல் அப்படியே ஆறிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் டம்ளரை அப்படி வைத்துவிட்டு எழுந்தால் அம்மா சும்மா விடுவாளா? படம் முடிகிறவரைக்கும் எனக்கு அந்தக் காபி ஞாபகமாகவே இருக்கும். கதாநாயகன் செத்துப்போனால்கூட அவ்வளவு மனசு அடித்துக்கொண்டதில்லை.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். அப்பாவுக்கு ஜங்ஷன் பக்கம் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை. விடியற்காலையில் கோயிலில் கோஷ்டியோடு உட்கார்ந்து பாசுரம் சேவிப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் அங்கிருந்து வந்ததும் வராததுமாக ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி, கண்டோன்மெண்ட் தியேட்டருக்கு இங்கிலீஷ் படம் பார்க்கப் போவார். இரண்டுக்கும் அதே திருமண், அதே மேல்துண்டுதான். அம்மாவுக்கு சினிமா ஆகாது. இருட்டில் உட்கார்ந்தால் தலைவலி என்பாள். அதனால் நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த நாளிலிருந்தே அப்பாவுக்குத் துணை நான்தான்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் படங்களில் முத்தத்தைத் தவிர எல்லாம் பிடிக்கும். திரையில் இரண்டு முகங்கள் நெருங்க ஆரம்பித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டின் நுனியால் துடைக்கத் தொடங்குவார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் திரை வெறும் வெளிச்சம்தான். "ஆயிடுத்தா?" என்று கேட்பார். நான் பார்த்துவிட்டு, "இன்னும் இல்லைப்பா" என்பேன். "இன்னுமா!" என்று மறுபடி துடைப்பார். தான் பார்க்கக்கூடாததைப் பெண் பார்த்துச் சொல்லலாமா என்ற சந்தேகம் அவருக்கு வரவே இல்லை. நானாக அதைக் கிளப்புவேனா?

இன்னொரு பழக்கம் உண்டு. அதுதான் பிற்பாடு என் கல்யாணம் வரைக்கும் வந்தது.

கோஷ்டியில் ஒரு நியமம் இருக்கிறது. பாசுரம் சேவித்து முடித்து, கடைசியில் சாத்துமுறை என்று ஒன்று ஆக வேண்டும். அது ஆகாமல் நடுவில் எழுந்து வரக்கூடாது. அப்பா இந்த நியமத்தை சினிமாவுக்கும் வைத்திருந்தார். தமிழ்ப் படம் என்றால் பிரச்சினை இல்லை. கடைசியில் கொட்டை எழுத்தில் 'சுபம்' என்று போடுவான். அப்பா அதைப் படித்துவிட்டு நிம்மதியாக எழுந்திருப்பார். இங்கிலீஷ்காரனுக்கு அந்த மரியாதை தெரியாது. 'முடிந்தது' என்று மொட்டையாகப் போட்டு அனுப்பிவிடுவான். அப்பா நாற்காலியை விட்டு அசையமாட்டார். கூட்டமெல்லாம் கலையும்வரை உட்கார்ந்திருப்பார். பெருக்குகிற ஆள் துடைப்பத்தோடு வந்து, "சாமி, படம் முடிஞ்சிருச்சுங்க, எந்திரிங்க" என்பான். "இதோ, ஆயிடுத்து" என்று சொல்லிவிட்டு, அப்பா திரையைப் பார்த்து நிதானமாக, வாய்விட்டு, "சுபம்" என்பார். அதற்கப்புறம்தான் எழுந்திருப்பார்.

"ஏம்ப்பா, அவன் போடாததை நாம எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்டிருக்கிறேன்.

"அவன் மறந்துட்டான், நாம சொல்லிட்டா ஆச்சு. ஒருத்தன் கதையைச் சொல்லி முடிச்சிருக்கான். சாத்துமுறை ஆகாம எழுந்துண்டு வரப்படாது, கொழந்தே."

சின்னவளாக இருந்தபோது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. காலேஜில் சேர்ந்த பிறகு மானம் போயிற்று. ஒருமுறை என் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாளிலிருந்து அப்பாவுக்கு 'சுபம் மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னிக்கு சுபம் மாமா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அழுகை வரும். அவர்களைவிட அப்பாமேல்தான் அதிகம் கோபம் வரும்.

அப்பாவோடு பார்த்த அமெரிக்கப் படங்களைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக்காரப் படங்களில் நன்றாக நடித்தது எப்போதும் குதிரைதான். மேலே உட்கார்ந்திருக்கிறவன் கதாநாயகியைப் பார்த்தாலும், எதிரியைப் பார்த்தாலும், மாட்டுக்கறியைப் பார்த்தாலும் ஒரே முகமாக இருப்பான். குதிரை அப்படி இல்லை. அதற்குப் பயம் வரும், களைப்பு வரும், எஜமானன்மேல் சலிப்புகூட வரும். சண்டை முடிந்து ஊரே சுடுகாடாகிக் கிடக்கும்போது அவன் தொப்பி மட்டும் தலையை விட்டு நகர்ந்திருக்காது. எனக்கென்னவோ கடைசிவரை அந்தத் தொப்பிமேல் நம்பிக்கை வரவில்லை.

குடும்பப் படங்கள் இன்னும் மோசம். பணக்கார வீட்டுப் பெண் ஒரு ஏழையை விரும்புவாள். அப்பன்காரன் குதிப்பான். ஏழை யார் என்று பார்த்தால் அவனிடம் கார் இருக்கும். கொஞ்சம் பழைய கார், அவ்வளவுதான். அவன் வீட்டில் ஆள் உயரத்துக்கு ஐஸ் பெட்டி இருக்கும். அதைத் திறந்து பால் எடுத்துக் குடித்துக்கொண்டே தன் தரித்திரத்தை நினைத்துக் கண்கலங்குவான். தியேட்டரில் ஒருநாள் பெஞ்சு டிக்கெட்டில் இருந்து ஒருவர் சத்தமாக, "எனக்கும் இந்த மாதிரி கஷ்டம் குடுப்பா சாமி!" என்றார். அன்றைக்கு முழுத் தியேட்டரும் சிரித்தது. அப்பாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஒரே ஒரு படத்துக்குத்தான் அப்பாவுக்கு நிஜமான கோபம் வந்தது. இந்தியாவில் நடக்கிறதாக அமெரிக்காக்காரன் எடுத்த காட்டுப் படம் அது. ராஜா இங்கிலீஷில் பேசினான், போகட்டும். ராணி நெற்றியில் பொட்டை ஒரு பக்கமாக வைத்திருந்தாள், அதுவும் போகட்டும். ஊர்வலத்தில் யானை வந்ததும் அரங்கமே ஊளையிட்டது. முறம் முறமாகக் காது! தினம் கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களிடம் ஆப்பிரிக்க யானையைக் கொண்டுவந்து விட்டால் விடுவார்களா? அப்பா வழியெல்லாம் பொருமினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத மனிதரிடம்கூட, "காதைப் பாத்திருக்கணும் நீங்கோ" என்று ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கும் சுபம் சொல்லிவிட்டுத்தான் வந்தார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

காலேஜில் நான் இரண்டாம் பாஷையாக பிரெஞ்சு எடுத்தேன். ஏதோ பெரிய ரசனை என்று நினைக்கவேண்டாம். பிரெஞ்சில் மார்க் அள்ளிக் கொடுப்பார்கள் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். திருமண் இட்ட எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் மார்க்குக்காக பிரெஞ்சு படித்தார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் வயதான ஒரு பிரெஞ்சுக் கன்னிகாஸ்திரீ. மதர் என்போம். வருஷத்தில் இரண்டு மூன்று தரம் பாண்டிச்சேரியிலிருந்து படப்பெட்டியை ரயிலில் வரவழைத்து, காலேஜ் ஹாலில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டுவார். ஒரே ஒரு புரொஜக்டர்தான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டி, மறுபடி விளக்கை அணைக்கவேண்டும். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வரலாம் என்று மதர் சொல்லியிருந்தார். அப்பா ஒன்றைக்கூட விடமாட்டார்.

பிரெஞ்சுப் படங்களைப் பார்த்த முதல் நாளே எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்துவிட்டது. காரணம், அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறார்கள். ரொட்டியைப் பிய்த்து, தட்டில் இருக்கிற கடைசித் துளி குழம்பையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டபிறகுதான் சண்டையே போடுகிறார்கள். தூங்கி எழுந்த பெண்ணின் தலைமயிர் தூங்கி எழுந்த தலைமயிராகவே இருக்கிறது. அமெரிக்காக்காரி படுக்கையிலிருந்து எழும்போதே கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் மாதிரி இருப்பாள்.

அதற்காக எல்லாப் பிரெஞ்சுப் படமும் நல்ல படம் என்று சொல்லமாட்டேன். ஒருவன் கோட்டு மாட்டிக்கொண்டு கடற்கரையில் நடந்துகொண்டே இருந்த படம் ஒன்று உண்டு. ஒரு ரீல் நடந்தான். விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டினார்கள். அதிலும் நடந்தான். யாராவது வந்து அவனை என்ன ஏது என்று கேட்கமாட்டார்களா என்று தவித்துப்போனேன். வாழ்க்கையின் வெறுமையாம். மதர் சொன்னார். எனக்கு வெறுமையாகப் படவில்லை, வேலைவெட்டி இல்லாமையாகத்தான் பட்டது. அப்பா நிம்மதியாகத் தூங்கிவிட்டு, கடைசியில் கண்விழித்து, 'சுபம்' சொன்னார்.

மதர் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் மட்டும் பசுமரத்தாணியாகப் பதிந்துவிட்டது. அவர்களும் நம்மைப்போலவே, விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'ஓ ருவ்வார்' என்கிறார்கள். மறுபடி பார்க்கும்வரை என்று அர்த்தம். நம் 'போயிட்டு வரேன்', 'போயிட்டு வா' எல்லாம் அதுதான். இனிமேல் பார்ப்பதற்கில்லை என்றால்தான் 'அதியூ' என்பார்கள். அதைச் சும்மா வாயில் எடுக்கக்கூடாது என்று மதர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

கடைசி வருஷப் படிப்பில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளை இன்ஜினீயர். கைலாசபுரத்தில் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த பெரிய தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் திருவெள்ளறை. தகப்பனார் இல்லை. அவருடைய அம்மாதான் ஒற்றை ஆளாக நிலத்தைப் பார்த்து, பிள்ளையையும் படிக்கவைத்தவர். அந்த மாமி உள்ளே வந்ததுமே, வீட்டை ஒருமுறை பார்த்த பார்வையில் எத்தனை மூட்டை நெல் கொள்ளும் என்று கணக்குப் போட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"பாடுவியாடீம்மா?" என்று கேட்டார்.

"வராது மாமி."

"வேற என்ன வரும்?"

"பிரெஞ்சு வரும்" என்றேன். வாயில் வந்துவிட்டது. அம்மா கதவருகில் நின்று பல்லைக் கடித்தாள்.

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டார். "சினிமா பார்ப்பேளா?" என்று கேட்டார். அப்பாவுக்குக் குஷி வந்துவிட்டது. கண்டோன்மெண்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்த துப்பாக்கிக்காரப் படத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேளுங்கள் என்று எடுத்துக் கொடுத்தார். நான் அடக்க ஒடுக்கமாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அதுல குதிரை ஒண்ணுதான் நடிச்சிருக்கு" என்றேன்.

மாமியின் புருவம் மேலே போயிற்று. பிள்ளை மட்டும் என்னை நேராகப் பார்த்து, "அந்தக் குதிரைக்காகத்தான் நான் ரெண்டாம் தரம் போனேன்" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்றால் சாதாரணமாக இல்லை. இந்த இடம் தட்டிப்போனால் நான் என்ன ஆவேனோ என்று பயம் வருகிற மாதிரி பிடித்துவிட்டது. ஆனால் மாமி பஜ்ஜி சொஜ்ஜியை முடித்துக்கொண்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்றார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். முக்கால்வாசி அது வேண்டாம் என்பதுதான். அப்பா முகம் சுருங்கிப்போயிற்று. புறப்படுகிற சமயத்தில் அந்தப் பிள்ளைதான், "பிரெஞ்சுப் படம் நான் பாத்ததே இல்லையே, இங்க எங்கயாவது போடறாளா?" என்று பொதுவாகக் கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் காலேஜில் போடுகிறார்கள், பெரியவர்கள் வரலாம் என்று நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். பிள்ளையைத் தனியாக அனுப்ப மாமிக்கு மனசு வரவில்லை. "நானும் வரேன். அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்" என்றார்.

அந்த சனிக்கிழமை எனக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு அடைத்து, தொண்டை கட்டிப்போயிருந்தது. மிளகு ரசம் குடித்தும் கேட்கவில்லை. கிளம்புவதற்கு முன் அப்பாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டேன்.

"அப்பா, ஒரு வாக்கு குடுங்கோ. இன்னிக்குப் படம் முடிஞ்சதும் அந்த வார்த்தையைச் சொல்லாதேங்கோ."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கொஞ்ச நேரம் துளசி மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நோக்கு வெக்கமா இருக்கா?" என்று கேட்டார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "சரிம்மா. அவா இருக்கற எடத்துல சொல்லமாட்டேன்" என்றார். கேட்டதும் கொடுத்துவிட்டார். அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

ஹாலில் மாமிக்கு ஒரு பக்கம் நானும், மறு பக்கம் பிள்ளையும் உட்கார்ந்தோம். அப்பா எனக்கு இந்தப் பக்கம். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். மாமிக்கு அது தெரியாது. அதனால் நான் காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஒரு சின்ன ஊர். தகப்பனாரோடு ரொட்டிக்கடை வைத்திருக்கிற ஒரு பெண். சர்ச்சில் நின்றுபோன பெரிய கடிகாரத்தைப் பழுதுபார்க்க ஒருவன் வந்து, குளிர்காலம் முழுவதும் தங்குகிறான். தினம் விடியற்காலை முதல் ரொட்டி வாங்க அவன் வருவான். அவ்வளவுதான் கதை. மாமி முதல் ரீலில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மாவு பிசைந்ததைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "நன்னாப் பிசையறாடீ. கையில பலம் இருக்கு" என்றார். விளக்கு எரிந்தபோது, "எப்போ கல்யாணம்?" என்று கேட்டார். "இன்னும் தெரியலை மாமி" என்றேன். அடுத்த ரீல் முடிந்ததும், "இன்னும் பேச்சே எடுக்கலையே, அந்தப் பொண்ணோட அப்பாவுக்குக் கண் தெரியலையா?" என்று பிள்ளையிடம் கோபித்துக்கொண்டார். முத்தம் ஒன்று வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்தார். மாமி கண்கொட்டாமல் பார்த்தார்.

கடைசி ரீலில் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. வேலை முடிந்துவிட்டது. அவளையும் தன்னோடு வரச் சொல்கிறான். வயதான தகப்பனாரை விட்டு வரமாட்டேன் என்கிறாள். ரயிலடிவரை வந்து, ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்து, ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள்.

மதர் விரலை ஆட்டிச் சொன்ன அந்த வார்த்தை.

"என்ன சொல்றா?" என்று மாமி என் கையைப் பிடித்தார்.

'போயிட்டு வான்னு சொல்றா' என்று நான் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போன்னு சொல்றா மாமி" என்றேன்.

"போன்னா? போயிட்டு வான்னு சொல்லப்படாதோ? போன்னா சொல்றா?"

ரயில் போயிற்று. 'முடிந்தது' என்று பிரெஞ்சில் மூன்று எழுத்து வந்து, திரை வெள்ளையாயிற்று. ரீலின் வால் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. மதர் அதை நிறுத்திவிட்டுத்தான் விளக்கைப் போடுவார். அந்த இருட்டில் மாமி என் கையை விட்டுவிட்டார். பிள்ளை பக்கம் திரும்பி, "ஏண்டா, ஒரு நல்ல காரியம் பேசிண்டிருக்கச்சே இப்படி ஒரு வார்த்தையைக் காதுல போட்டுண்டு எழுந்துண்டு போறதா? மனசுக்கே சரியாப் படலையே. இந்தப் பேச்சு வேண்டாம்டா" என்றார். பிள்ளையோ அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

அப்பா பக்கம் திரும்பினேன். அப்பா நேராக உட்கார்ந்திருந்தார். மேல்துண்டை வாயருகில் பிடித்துக்கொண்டிருந்தார். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நான் அந்த வார்த்தைக்காக ஏங்கினேன். அவர் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அதனால் நான் சொன்னேன்.

"சுபம்."

ஜலதோஷத் தொண்டை. அது என் குரலாகவே இல்லை. கனமாக, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஹாலில் கேட்டது. மறுகணம் விளக்கு எரிந்தது. நான் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"யாரு சொன்னா?" என்று மாமி சுற்றுமுற்றும் பார்த்தார். பின்னால் காலேஜ் பெண்கள், பக்கவாட்டில் கன்னிகாஸ்திரீகள். மாமி எழுந்து நின்று, ஸ்ரீரங்கம் எந்தத் திசை என்று அப்பாவைக் கேட்டு, அந்தப் பக்கம் பார்த்துக் கைகூப்பினார். "பொம்மனாட்டிக் குரல். ஸ்ரீரங்கத்துத் தாயார் வாக்குதான். தாயாரே சொல்லிட்டா, இனிமே நான் என்ன சொல்றது?" என்றார். காலேஜ் வாசலிலேயே அப்பாவிடம் நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது.

கைலாசபுரத்து குவார்ட்டர்ஸில் குடித்தனம். நாங்கள் இரண்டு பேரும் படங்களைப் பற்றிப் போட்டுக்கொள்ளாத சண்டை இல்லை. அவருக்கு அமெரிக்கப் படம்தான் உசத்தி. ஒரு கதை என்றால் புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரவேண்டும் என்பார். ரயிலா ஓட்டுகிறீர்கள் என்பேன். ஒன்றில் மட்டும் ஒத்துப்போனோம். படம் பார்த்துவிட்டு வந்ததும் சூடாக ஒரு டம்ளர் காபி, கடைசிச் சொட்டுவரை. அறுவடை முடிந்தால் மாமியும் வந்து எங்களோடு தங்குவார். கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். தாயார் வாக்குக் கொடுத்த கதையை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அப்பா தன் வாக்கை நான் நினைத்ததைவிட நீளமாக எடுத்துக்கொண்டுவிட்டார். 'அவா இருக்கற எடத்துல' என்று சொன்னாரில்லையா, அதிலிருந்து மாறவே இல்லை. சம்பந்தி கூட இருந்தால் படம் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிடுவார். சொல்லுங்களேன் என்று நானும் ஒருநாளும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஒரு சித்திரை மாசம், குவார்ட்டர்ஸ் மைதானத்தில் துணி கட்டி அமெரிக்கப் படம் ஒன்று போட்டார்கள். பாயை எடுத்துக்கொண்டு நாங்கள் நாலு பேரும் போனோம். அப்பா ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்தார். ஊரை விட்டுப் போன கணவன், பிள்ளைகள் பெரியவர்களான பிறகு திரும்பி வருகிற கதை. மோசமில்லை. திரும்பி வந்தவனுக்கு அவள் காபி கொடுக்கிறாள். அவன் முழுக்கக் குடித்தான்! நான் இவர் தொடையில் தட்டிக் காட்டினேன். 'முடிந்தது' என்று போட்டார்கள். சுற்றிலும் பாய்களை உதற ஆரம்பித்தார்கள். அப்பா வழக்கம்போல் முதல் ஆளாக எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன்.

மாமியார் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "உக்காரு. தாயார் இன்னும் சொல்லலையே?"

எனக்குப் புரியவில்லை. "எந்தத் தாயார்மா?"

"அன்னிக்குக் காலேஜ்ல சொன்ன தாயார்தான். அவளுக்கு அன்னிக்கு ஜலதோஷம். படம் பூரா என் காதுல பேசிண்டிருந்த அதே கட்டின தொண்டை. இன்னிக்கு நன்னாத்தானே இருக்கு? சொல்லேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம்! "தெரிஞ்சுண்டேவா சம்மதிச்சேள்?" என்று கேட்டேன்.

"பின்னே? என் பிள்ளையை இவ்வளவு வேணும்னு நினைக்கற பொண்ணு வேற எங்க கிடைக்கப்போறா? ஆனா நான் வேண்டாம்னு சொல்லியாச்சு. சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுத்துக்கறது? அதான் தாயாரைக் கூப்பிட்டுண்டேன்." மாமியார் வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டே, "அது யாருட்ட கத்துண்டது? நோக்கா தோணியிருக்காது" என்றார்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. அவருடைய காது சிவந்திருந்ததிலிருந்து தெரிந்தது.

"அப்பா" என்று கூப்பிட்டேன். "வந்து உக்காருங்கோ. நீங்கோ சொல்லுங்கோ. நான் கேட்டு வாங்கின வாக்கை நானே திருப்பிக் குடுத்துட்டேன்."

அப்பா திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து, மேல்துண்டின் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆயிடுத்தாப்பா?" என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெள்ளைத் துணியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி, வாய்நிறையச் சொன்னார்.